குளிக்க மாட்டேன் என்கிறது தொம்போக்



ஆசிரியர் மேசைக்கு வரும் கடிதங்களில் பாதி, போன இதழின் அச்சுப்பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து அனுப்புபவர்களுடையது. மீதிப் பாதி கவிதை. இந்த இரண்டிலும் சேராத ஒரு கடிதம் ஈஜோக்கிலிருந்து வந்தது. எழுதியவர் ஒரு பாட்டி. வீட்டுப் பூனை டிரெக்டர் கொட்டகையில் போய்ப் படுத்து, உடம்பெல்லாம் மினியாக் ஹித்தாம் (கறுத்த இஞ்சின் எண்ணெய்) அப்பிக்கொண்டு வருகிறதாம். குளிப்பாட்டப் போனால் பிறாண்டுகிறதாம். மருமகளோ, பூனையைக் குளிப்பாட்டவே கூடாது, அது தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் என்கிறாளாம். "எது சரி என்று புத்தகத்தில் போடுங்கள், நான் அவளிடம் காட்ட வேண்டும்" என்று முடித்திருந்தார்.

மாமியார் மருமகள் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் துணிவு எந்த ஆசிரியருக்கும் கிடையாது. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் இதழுக்கு அவ்வப்போது யோசனை சொல்லும் கால்நடை மருத்துவர் ஒருவரை, வயதில் என் தங்கை போன்றவரை, கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஜோக்குக்கே போய்விட்டேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கோலாலம்பூரிலிருந்து சுங்கை பூலோ வழியாகக் கோல சிலாங்கூர் போகும் சாலையில் வரும் சிற்றூர் ஈஜோக். 2007 ஏப்ரலில் இங்கே சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. கொடிகள் இறங்கியதும் பழையபடி செம்பனை லோரிகளும் தேநீர்க் கடைகளும் மட்டும் மிஞ்சின. சுற்றிலும் தோட்டங்கள். இதே மாவட்டத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை, மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டார். (அந்தத் துரை பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்க்கையை நாவலாக எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் வாங்கினார். பூனையைப் பற்றி எழுத வந்த இடத்தில் இது எதற்கு என்றால், தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத பழக்கம்தான்.)

பால்மரங்கள் நின்ற இடமெல்லாம் மெல்லச் செம்பனை ஆனது. செம்பனையோடு எலியும் பெருகியது, பழுத்த குலை என்றால் எலிக்கு விருந்து. எலியை ஒழிக்கத் தோட்ட நிர்வாகங்கள் கம்பம் நட்டு, பெட்டி கட்டி, கூகைகளைக் குடிவைக்கின்றன. எந்தப் பெட்டியில் கூகை முட்டையிட்டிருக்கிறது என்று கணக்கும் எழுதுகின்றன. பூனையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அது லயத்து வீடுகளின் சொந்தப் பொறுப்பாகவே இருந்தது, இன்றும் அப்படித்தான்.

பாட்டியின் பூனை தொம்போக் அந்தப் பரம்பரையில் வந்தது. வெள்ளை உடம்பு, முதுகில் இரண்டு பெரிய கறுப்புத் திட்டு. இந்நாட்டில் திட்டுப் போட்ட பூனை என்றால் தமிழர் வீடானாலும் மலாய்க்காரர் வீடானாலும் பெயர் தொம்போக்தான். வால் பாதியோடு நின்று, நுனி முடிச்சாக மடங்கியிருந்தது. யாரோ அடித்து ஒடித்துவிட்டார்கள் என்று பாட்டி நெடுநாள் வருத்தப்பட்டிருக்கிறார். யாரும் அடிக்கவில்லை, பிறவியே அப்படி. மலாய்த் தீவுகளின் பூனைகளுக்கு வால் குட்டையாகவும் நுனியில் முடிச்சோடும் இருப்பதை 1868இல் டார்வினே எழுதி வைத்திருக்கிறார். நாங்கள் போனபோது அந்த முடிச்சைத் தவிர மற்ற இடமெல்லாம் எண்ணெய்.

முதலில் மருமகள் கட்சியைக் கேட்போம், அதில் நியாயம் நிறைய இருக்கிறது.

பூனை நாக்கு விரலில் பட்டவர்களுக்கு அந்தச் சொரசொரப்பு தெரியும். அது வெறும் முள் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ என்ற இரு ஆய்வாளர்கள் அந்த முட்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியும் குடைந்த கரண்டியாக இருந்தது. வாய்க்குள் எச்சிலை முகந்துகொண்டு, முடிக்குள் புகுந்து, தோல்வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது. வீட்டுப் பூனையிலிருந்து புலி, சிங்கம்வரை அவர்கள் பார்த்த ஆறு இனங்களுக்கும் ஒரே அமைப்பு. அப்படி நனைத்த எச்சில் காயும்போது உடம்புச் சூடும் தணிகிறது. ஈஜோக் வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்குப் பூனை ஏன் விடாமல் தன்னையே நக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெள்ளுப்பூச்சி விஷயத்திலும் நாக்கு கெட்டிக்காரன். கலிஃபோர்னியாவில் தெள்ளு நிறைந்த ஒரு வீட்டில் சில பூனைகளுக்கு, நக்க முடியாதபடி கழுத்தில் புனல் மாதிரிப் பட்டை கட்டிவிட்டுப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில், பட்டை கட்டிய பூனைகளின் உடம்பில் மற்றவற்றைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு தெள்ளு. ஆக, உடம்பு நன்றாக உள்ள, தினமும் தன்னை நக்கிக்கொள்ளும், குட்டை முடிப் பூனைக்குச் சோப்புப் போட்ட குளியல் அநேகமாகத் தேவையே இல்லை. மண்ணில் புரண்டு வந்ததா, ஈரத்துணியால் ஒரு காக்காய்க் குளியல் போதும். பட்டணத்தில் பெர்சியன் பூனை வளர்ப்பவர்கள் கதை வேறு. அந்த முடிக்குச் சீப்பும் தண்ணீரும் இல்லாமல் ஆகாது. கிழட்டுப் பூனை, மூட்டு வலிக்கிற பூனை, உடம்பு பருத்து முதுகுக்கு நாக்கு எட்டாத பூனை, இவற்றுக்கும் நம் கை வேண்டும்.

இந்த இடத்தில் மருமகள் என்னைப் பார்த்துச் சிரித்தார். பாட்டி சிரிக்கவில்லை.

பாட்டி கட்சி இனிமேல்தான் தொடங்குகிறது. நாக்கு அள்ளியது எங்கே போகிறது? பூனைக்குத் துப்பத் தெரியாது. நாக்கு முட்கள் தொண்டைப் பக்கம் சாய்ந்திருப்பதால் அதில் ஒட்டியது உள்ளேதான் போகும். செம்மண் என்றால் போகட்டும். டிரெக்டரிலிருந்து ஒழுகிய பழைய எண்ணெய் என்றால்? சுவரில் காயாத சாயம்? செம்பனைக்கு அடியில் களைக்கு அடித்த மருந்து? பூனையின் மேல்தோலில் எது பட்டாலும் அது தின்றதற்குச் சமம் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு சுலபமாகிவிடும். நம் மூக்குக்கு நாறுகிறது என்பதற்காகப் பூனையைக் குளிப்பாட்ட வேண்டாம். அதன் வயிற்றுக்கு ஆகாதது முடியில் இருக்கிறது என்றால், நாக்கு முந்துவதற்குள் நாம் முந்த வேண்டும். அன்று பாட்டி சொன்னதுதான் சரி.

மருந்து என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தோட்டத்தில் மருந்து அடிப்பது பெரும்பாலும் பெண்கள் வேலையாக இருந்தது. முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு, கைலியும் நீளக்கைச் சட்டையும் நனைய நனைய வரிசை வரிசையாக அடித்தார்கள். அவர்கள் உடம்பு என்ன ஆனது என்று தெனாகானித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்புடன் சேர்ந்து 2002இல் ஓர் ஆய்வறிக்கை கொண்டுவந்தது. அமைப்பை நிறுவி நடத்திய ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையாரை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதே 2002இல் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை ஒழிக்க அரசாங்கம் முடிவெடுத்தது, 2006இல் முடிவைத் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத் தடை வந்தது. அத்தனை ஆண்டும் அந்தப் பெண்கள் மாலையில் வீடு திரும்பியதும் முதலில் ஓடி வந்து காலைச் சுற்றியது யார்? பூனைதான். நனைந்த பூட்ஸில் கன்னத்தையும் விலாவையும் உரசி உரசிப் பாசம் காட்டிவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்து தன்னை நக்கிக்கொள்ளும். சில நாளில் செத்துப் போகும் பூனைகளுக்கு லயத்தில் யாரும் காரணம் தேடியதில்லை. செய்வினை என்றார்கள், பாம்பு கடித்தது என்றார்கள்.

பாராகுவாட் போய்விட்டாலும் மருந்து அடிப்பது நிற்கவில்லை. அதனால் இன்றும் அந்த வேலை பார்ப்பவர்கள் பூட்ஸையும் கைலியையும் கழற்றி அலசிவிட்டு, தாங்களும் குளித்த பிறகே பூனையைத் தூக்குவது நல்லது. பிள்ளையைத் தூக்குவதற்கும் அதே விதிதான். பூனையின் மேலே மருந்து பட்டுவிட்டது என்று தெரிந்தால், கையுறை போட்டுக்கொண்டு நிறையத் தண்ணீரில் அலசி, மருந்து டப்பாவின் லேபிளையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பது வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. அழுக்கை விடக் கெடுதலானதை நாமே சோப்பு என்று நினைத்துப் பூனைமேல் ஊற்றிவிடுகிறோம். தரை துடைக்கவும் குழந்தைத் துணி அலசவும் ஒரு கிருமிநாசினி எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, தண்ணீரில் விட்டதும் வெள்ளையாகக் கலங்குமே, அதை ஒரு மூடி பூனைத் தண்ணீரில் விடுவது நம்மவர் வழக்கம். விடாதீர்கள். பூனையின் கல்லீரலில் ஒரு நொதி சரியாக வேலை செய்வதில்லை. காட்டில் இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த பிராணிக்கு அது தேவைப்படவில்லை. நாமும் நாயும் உடைத்து வெளியேற்றிவிடும் பல ரசாயனங்கள் பூனை உடம்பில் அப்படியே தங்கி நஞ்சாகின்றன. அந்தக் கிருமிநாசினியும், நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்தும் அந்த வகை. நமக்குத் தலைவலி என்றால் போடும் பனடோலும் அதே வகை, ஒரு மாத்திரை போதும் பூனை போய்ச்சேர. கற்பூரம், தேயிலை மர எண்ணெய் இவற்றையும் அந்த நஞ்சுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுபவர்களும் உண்டு, ஒரு வாரத்துக்குப் பூனை மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்ட கோலத்தில் திரியும், அவ்வளவுதான் பலன். மண்ணெண்ணெயும் தின்னரும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். எடுக்கும், தோலையும் சேர்த்து.

சரி, கொல்லைப்புறம் வாருங்கள்.

பாட்டி ஒரு பிளாஸ்டிக் பேசினை எடுத்து வைத்திருந்தார். டாக்டர் அதைக் குளியலறைக்குள் கொண்டுவரச் சொன்னார். வெட்டவெளியில் தொடங்கினால் பாதி நுரையோடு பூனை தென்னை மரத்தில் நிற்கும். பேசின் அடியில் பழைய துவாலையை நாலாக மடித்துப் போட்டார். வழுக்கும் தரையில் நிற்கும்போதுதான் பூனைக்குப் பயம் வருகிறது, நகம் ஊன்ற இடம் கிடைத்தால் நம் கையை ஊன்றாது என்றார். பேரப்பிள்ளை உற்சாகமாகக் குழாயைத் திறக்கப் போனான்.

"ஐயா, பைப்பைத் தொறக்காதே. தண்ணிய முன்னாடியே புடிச்சு வச்சிட்டுத்தான் அதைத் தூக்கிட்டு வரணும். அந்தச் சத்தம் அதுக்கு ஆகாது."

"எப்படி டாக்டரக்கா தெரியும்?"

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே."

தண்ணீர் பிடிப்பதில் ஒரு சூட்சுமம். மத்தியான வேளையில் கூரைத் தொட்டித் தண்ணீர் முதல் வாளி கொதிக்கக் கொதிக்க வரும், அதைக் கீழே விட்டுவிட வேண்டும். பூனையின் உடம்புச் சூடு 38 டிகிரிக்கு மேல், நம்மைவிடக் கூடுதல். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. பேசினில் வயிறு நனையும் அளவுக்கு ஒன்று, அலச இரண்டு வாளி. தண்ணீர் வெட்டுக்குப் பழகிப்போன சிலாங்கூர்க்காரர்களுக்கு மூன்று வாளித் தண்ணீரின் அருமை தெரியும். பக்கத்து பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்துத் தலைநகர் வட்டாரத்துக்கு அனுப்புகிறார்கள், 2020 செப்டம்பரில் ஆறு மாசுபட்டு அந்த நிலையங்கள் நின்றபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வறண்டன. அந்த வாரம் எந்தப் பூனையையும் யாரும் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள்.

தொம்போக்கைத் தொடும் முன் டாக்டர் அதன் மூக்கையும் காதோரத்தையும் உற்றுப் பார்த்தார். புண் இருக்கிறதா என்று தேடினார். மலேசியப் பூனைகளுக்கு ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற ஒரு பூஞ்சைப் புண் வருகிறது, பிறாண்டினாலோ கடித்தாலோ மனிதருக்கும் ஒட்டும். 1990இலேயே இந்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் இதை எழுதிவிட்டார்கள். மூக்கு வீங்கி, ஆறாத புண்ணோடு திரியும் தெருப் பூனையைப் பரிதாபப்பட்டுக் குளிப்பாட்டப் போகாதீர்கள். கையுறையோடு கூண்டில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோங்கள், மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தால் குணமாகும். தொம்போக் மூக்கு சுத்தமாக இருந்தது. முதல் நாளே பாட்டி நகம் வெட்டிவிட்டிருந்தார், நுனியை மட்டும். முடிச் சிக்கு இருந்தால் நனைக்கும் முன்பே சீவி எடுத்துவிட வேண்டும், நனைந்தால் இறுகிவிடும்.

பூனை வந்ததும் பாட்டி பழக்கத்தில் அதன் பிடரியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்.

"பாட்டி, பிடரிய விடுங்க. நெஞ்சுக்கு அடியில ஒரு கை, பின்னங்காலுக்கு ஒரு கை."

"தாய்ப்பூனை அப்படித்தானே கண்ணு தூக்குது?"

தாய்ப்பூனை தூக்குவது குட்டியை. தென்கலை வைணவர்கள் இதை வைத்தே ஒரு தத்துவம் சொன்னார்கள், மார்ஜார நியாயம் என்று. குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியோ சும்மா தொங்கினால் போதும், காப்பது தாய் பொறுப்பு. குட்டி தொங்கும், வாஸ்தவம். நாலு கிலோ எடையுள்ள வளர்ந்த பூனையைப் பிடரியில் தூக்கினால் அது சரணாகதி அடைவதில்லை, பயத்தில் விறைத்துப் போகிறது. பூனை மருத்துவர்களின் இன்றைய வழிகாட்டுதல்கள் அதை வேண்டாம் என்கின்றன.

எண்ணெய் எடுக்கும் வேலைக்கு வருவோம், பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை. முதலில் தண்ணீரே கிடையாது. உலர்ந்த துணியால் முடி போகும் திசையிலேயே ஒற்றி ஒற்றி எடுத்தார் டாக்டர். அழுத்தித் தேய்த்தால் எண்ணெய் தோலுக்கு இறங்கும். கிழிந்த பனியன் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கறுத்துக் கீழே விழுந்தன. பிறகு சமையல் எண்ணெயைக் கையில் எடுத்துக் கறுப்புப் படிந்த இடங்களில் மட்டும் தடவி ஊற விட்டார். மருமகள் முகம் சுளித்தார். எண்ணெயை எடுக்க எண்ணெயா?

பாட்டிக்கு அது புதிதில்லை. "பால்மரம் சீவின காலத்துல தலையில பால் ஒட்டிக்கிட்டா என்னடி பண்ணோம்? தேங்கா எண்ணெயத் தேய்ச்சு ஊற வச்சுத்தான் சீவி எடுப்போம். அப்பவும் வரலைன்னா கத்தரிதான்." பிசுக்கு எண்ணெயில்தான் இளகும், இளகியதைச் சவுக்காரம்தான் எடுக்கும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, பேசினில் பூனையை இறக்கி, கழுத்திலிருந்து வால் பக்கம் தடவிக்கொண்டே போனார். இந்தத் திரவம் இப்படி எண்ணெய் படிந்த நாளுக்கு மட்டும்தான், வழக்கமான குளியலுக்குத் தோலை வறட்டிவிடும். அதற்குப் பூனை ஷாம்பு இருக்கிறது. தெள்ளு இருக்கிற பூனை என்றால் முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போட வேண்டும், தண்ணீர் பட்டதும் தெள்ளெல்லாம் முகத்துக்கு ஓடுமாம். தெள்ளு இருப்பதைக் கண்டுபிடிக்கவும் வழி சொன்னார். முடிக்குள் மிளகுப் பொடி சிந்தியது மாதிரித் தெரிவதை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினால் செம்பழுப்பாகக் கசியும். தெள்ளின் கழிவு அது, பூனையின் இரத்தம்தான். ஆனால் முட்டையும் புழுவும் பாயிலும் தரையிலும் கிடக்கும்போது பூனையை மட்டும் குளிப்பாட்டி என்ன செய்வது? படுக்கைத் துணியை வெந்நீரில் அலச வேண்டும், பூனைக்கு உரிய சொட்டு மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

தொம்போக் என்ன செய்தது? காதைத் தட்டையாக மடித்துக்கொண்டு, முன்னங்கால் நகம் ஐந்தையும் துவாலையில் ஊன்றி, அடித்தொண்டையில் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டு நின்றது. கடிக்கவில்லை. குவளையால் தலையில் ஊற்றவே இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். முகத்தை ஈரத்துணியால்தான் துடைத்தார், காதுக்குள் ஒரு சொட்டு போகவில்லை. முதல் தண்ணீர் கறுப்பாக வடிந்தது, அடுத்தது பழுப்பு, கடைசி வாளியில் விரலால் முடியைத் தேய்த்தபோது கிறீச்சென்றது. சோப்பு மிச்சமிருந்தால் அதையும் நக்கத்தானே போகிறது, அதனால் அலசுவதில் மட்டும் அவசரம் கூடாது என்றார். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, கண்மண் தெரியாமல் எகிறினாலோ அப்படியே நிறுத்திவிட்டுத் துவாலையில் சுற்றிவிட வேண்டும். மீதியை மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரை வெறுப்பது பூனைக் குலத்துக்கே பொது என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை, நீந்த வேண்டிய அவசியம் அதற்கு வரவில்லை. இந்தத் தீபகற்பத்துச் சதுப்புக் காடுகளிலேயே தட்டைத்தலைப் பூனை என்று ஒன்று வாழ்கிறது. தண்ணீருக்குள் தலையை விட்டு மீன் பிடிக்கும். அதைக் குளிப்பாட்ட யாரும் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

பிறகு காய வைத்தல். நனைந்த பூனை நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோகும், குட்டியென்றால் உயிருக்கே ஆபத்து. இரண்டு துவாலை மாற்றி ஒற்றி எடுத்து, காற்றாடி இல்லாத அறையில் விட வேண்டும். முடி உலர்த்தும் மெஷின் சத்தத்தில் இவ்வளவு நேரம் காட்டிய பொறுமையெல்லாம் பறந்துவிடும். தொம்போக் விடுபட்டதும் பீரோவுக்கு அடியில் போய் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து தன்னை நக்கத் தொடங்கியது, நாங்கள் செய்ததெல்லாம் வேலையே இல்லை என்கிற மாதிரி. வீட்டில் இன்னொரு பூனை உண்டு, சாம்பல் நிறப் பெட்டை. அது வந்து மோந்து பார்த்துவிட்டு, யாரோ அந்நியன் என்று சீறியது. பூனைகள் ஒன்றையொன்று வாசனையில் அறிகின்றன, நாம் அந்த வாசனையைக் கழுவிவிட்டோம். ஒரே துணியால் இரண்டையும் மாறி மாறித் துடைத்து, சில மணி நேரம் தனித்தனி அறையில் விட்டால் சமாதானமாகிவிடும். சண்டை என்று தடியைத் தூக்காதீர்கள். பாசிர் பெனம்பாங்கிலிருந்து வந்த கெம்போங் மீனை உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, பாட்டி இரண்டுக்கும் இரண்டு மூலையில் வைத்தார்.

நகம் கீறினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கடித்துவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே மூடி உள்ளே சீழ் வைக்கும். அன்றே கிளினிக் போய்விடுங்கள்.

புறப்படும் முன் டாக்டர் கொட்டகையையும் பார்க்க வேண்டும் என்றார். பூனையைத் திருத்துவதைவிட டிரெக்டரைத் திருத்துவது சுலபம் என்பது அவர் கட்சி, என் கட்சியும் அதுதான். வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டும் இடத்தில் மரத்தூள் நிரப்பிய தட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் கம்பிவலை போட்டுவிட்டால் பூனை அங்கே படுக்காது. ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சைத் தண்ணீர் சிந்தினால் உடனே மண்ணைப் போட்டு அள்ளிவிட வேண்டும். அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால் இருக்கிறது, பாதத்தில் பட்டதை நாலு முறை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். அதற்குக் குளியல் வைத்தியம் இல்லை, சில மணி நேரத்துக்குள் மருத்துவமனை போய்ச்சேர வேண்டும். காலையில் வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். மழைக்கால இரவுகளில் இஞ்சின் சூட்டுக்கு உள்ளே ஏறிப் படுப்பது தோட்டத்துப் பூனைகளின் வழக்கம்.

அடுத்த இதழில் சந்திப்போம். அச்சுப்பிழைகளை வழக்கம்போல் சிவப்பு மையால் சுழித்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்